டிசம்பரில் பனி பெய்யாத துறைமுகம்

சேகர், நான் எழுதிய கடிதங்களை நீ பிரிக்காமல் அலமாரியில் போட்டு வைத்திருப்பதாக, சவூதியில் அல் கோபாரில் உன்னோடு ரூமில் இருப்பவர் லீவில் இந்தப் பக்கம் வந்தபோது உன் அம்மாவிடம் சொல்லிவிட்டார். கேசட்டில் பேசி அனுப்பலாம் என்றால் அது உன் கைக்கு வருவதற்குள் வழியில் நான்கு பேர் டேப்ரிக்கார்டரில் போட்டுக் கேட்டுவிடுவார்கள். வேண்டாதவர்கள் மட்டும் கேட்பதைவிட எல்லாரும் படிப்பது மேல். இங்கே மஸ்கட்டில் தமிழ் நண்பர்கள் போடும் ஆண்டு மலருக்கு என் கடற்படை அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். நான் வேலை பார்த்த பழைய க்ரூஸர் போர்க்கப்பலுக்கு ஓய்வு கொடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கேட்டிருக்கிறார்கள். எழுதித் தருகிறேன், ஆனால் என் மகனுக்குத்தான் எழுதுவேன் என்றேன். நீ படிக்காவிட்டாலும் உன் பக்கத்து மேஜைக்காரன் படித்துவிட்டு வந்து உன்னிடம் சொல்வான். அது போதும்.

விஷயம் என்னவென்று மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும். நீ கோபாரில் நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு, இங்கே ரூவியில் காசிம் பாயோடு கூட்டுச் சேர்ந்து, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறி, கயிறு, பெயிண்ட் எல்லாம் சப்ளை செய்யும் கடை வைக்கப் போகிறாய். கடை வைக்க இந்த நாட்டுக்காரர் ஒருவர் கஃபீலாக, அதாவது பொறுப்பாளராக, நிற்க வேண்டும். என் ஒர்க்‌ஷாப் முதலாளி, நாம் அர்பாப் என்று கூப்பிடும் பெரியவர், நிற்கிறேன் என்றார். ஆனால் காசிம் நம்பத் தகுந்த ஆள் என்று நான் என் வாயால் சொல்ல வேண்டும் என்றார். அவருக்குப் பத்திரம், கையெழுத்து எல்லாம் அப்புறம்தான். இத்தனை வருஷமாகத் தன் பம்புகளைப் பழுது பார்க்கும் மனிதன் சொல்லும் ஒரு வார்த்தைதான் அவருக்குக் கணக்கு. அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன் என்று நான் சொன்னேன். நீ என்னோடு பேசுவதை நிறுத்தினாய்.

எனக்குச் சந்தேகப் புத்தி என்று நீ சின்ன வயதிலிருந்தே சொல்லி வருகிறாய். ஆமாம். அதில் எனக்கு வெட்கம் இல்லை. பம்பாயில் நேவி குவார்ட்டர்ஸில் இருந்தபோது நீ முதன்முதலாகத் தனியாக லோக்கல் ரயிலில் பள்ளிக்கூடம் போனாய். பெரிய மனுஷன் மாதிரி கையசைத்துவிட்டு ஏறினாய். அடுத்த பெட்டியில் நான் இருந்தேன். அந்த வாரம் முழுவதும் இருந்தேன். நீ இறங்க வேண்டிய ஸ்டேஷனில் இறங்குகிறாயா, யாராவது உன்னிடம் பேச்சுக் கொடுக்கிறார்களா என்று தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நீ காலேஜ் படிக்கும்போது உன் அம்மா இதைச் சொல்ல, அன்று சாப்பிடாமல் படுத்தாய். "என்னை நம்பலையாப்பா?" என்று கேட்டாய். உன்னை நம்பினேன். ரயிலைத்தான் நம்பவில்லை. இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் அடுத்த பெட்டியில்தான் ஏறுவேன்.

பார்சல் விஷயமும் அப்படித்தான். ஊருக்கோ கோபாருக்கோ போகிறவர் கையில் சாமான் கொடுத்தனுப்பாதவர் வளைகுடாவில் யார்? எல்லாரும் பெட்டியில் பேர் எழுதி அனுப்புவார்கள். நான் கயிறு கட்டி, கப்பலில் கற்ற முடிச்சுப் போட்டு அனுப்புவேன். யாராவது பிரித்தால் அந்த முடிச்சை அவர்களால் மறுபடி போட முடியாது. போன வருஷம் காசிம் பாய் கோபாருக்கு வந்தபோது உன் அம்மா செய்த எள்ளுருண்டையை அப்படிக் கட்டித்தான் அவரிடம் கொடுத்தேன். முடிச்சு அப்படியே இருந்தது என்று நீ பெருமையாக எழுதினாய். எனக்கு அதைப் படித்ததும்தான் சந்தேகம் அதிகமாயிற்று. அவரும் கப்பல்காரர். அவிழ்த்துவிட்டு அச்சாக மறுபடி கட்டத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

இனி கப்பல். அதன் பேரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் எவனாவது தேடிப்போய் என்னிடம் குற்றம் கண்டுபிடிப்பான். இந்தியா ஆங்கிலேயரிடமிருந்து வாங்கிய முதல் க்ரூஸர் என்றால் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். நான் அதில் பாய்லர் ரூமில் ஸ்டோக்கர். தீயும் எண்ணெயும்தான் என் வேலை. டியூட்டி முடிந்ததும் எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் படித்தேன், என்ஜின் புத்தகம் படித்தேன், அந்தக் கப்பல் எங்கள் கைக்கு வருமுன் நியூஸிலாந்துக்காரர்கள் ஓட்டியபோது நடத்திய சண்டையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எனக்கு மேலே இருந்த துரைகளுக்கு ஸ்டோக்கர் புத்தகம் வைத்திருப்பது பிடிக்கவில்லை. பரீட்சைக்கு என் பேரை அனுப்பவே இல்லை. அதை நான் மறக்கப் போவதில்லை. ஆனால் இது அதற்கான இடமல்ல.

இரண்டாம் உலக யுத்தம் ஆரம்பித்த வருஷத்து டிசம்பர். ஜெர்மனியின் பெரிய போர்க்கப்பல் ஒன்று அட்லாண்டிக்கில் தனியாகத் திரிந்து, கண்ணில் பட்ட சரக்குக் கப்பல்களை எல்லாம் பிடித்து, ஆட்களை இறக்கிக்கொண்டு, கப்பலை மூழ்கடித்துக்கொண்டிருந்தது. தென் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அப்பால் அதை மூன்று க்ரூஸர்கள் விடியற்காலையில் சந்தித்தன. அதில் ஒன்று எங்களுடையது. பெரிய கப்பலின் பீரங்கிக் குண்டுக்கு முன்னால் எங்கள் குண்டு தேங்காய்க்கு முன்னால் எலுமிச்சம்பழம். ஆனால் மூன்றும் ஒரே பக்கம் நிற்காமல் பிரிந்துகொண்டன. எதைச் சுடுவது என்று அவன் பீரங்கிகள் மாறி மாறித் திரும்பின. எங்களில் பெரிய க்ரூஸர் அடி வாங்கி, தீப்பிடித்து, பீரங்கிகள் ஓய்ந்து விலகிப் போயிற்று. மற்ற இரண்டும் விடவில்லை. அவன் துறைமுகத்தை நோக்கி ஓட, அவன் குண்டு எட்டும் எட்டாத தூரத்தில், கண்ணை எடுக்காமல் அன்று பகல் முழுவதும் பின்னாலேயே போயின. சண்டையில் ஜெயித்தது என்று எல்லாரும் பீரங்கியைச் சொல்வார்கள். நான் அந்தப் பின்தொடர்தலைச் சொல்வேன்.

அவன் நடுநிலை நாட்டுத் துறைமுகத்துக்குள் போய் நின்றான். சில நாள்தான் தங்கலாம். அதற்குள் வெளியே விமானம் தாங்கிக் கப்பல் வந்துவிட்டது, பெரிய பெரிய போர்க்கப்பல்கள் காத்திருக்கின்றன என்று ஆங்கிலேயர்கள் பேச்சைப் பரப்பினார்கள். உண்மையில் வெளியே இருந்தவை எங்கள் இரண்டு அடிபட்ட க்ரூஸர்களும், புதிதாக வந்து சேர்ந்த இன்னொரு க்ரூஸரும்தான். ஜெர்மன் கேப்டன் அந்தப் பேச்சை நம்பினார். தன் ஆட்களைப் பத்திரமாக இறக்கிவிட்டு, கப்பலை வெளியே கொண்டுபோய்த் தானே வெடிவைத்து மூழ்கடித்தார். சில நாளில் தன்னையும் சுட்டுக்கொண்டார். என்னைக் கேட்டால் அவரிடம் சந்தேகம் அதிகமாக இல்லை, குறைவாகத்தான் இருந்தது. வெளியே என்ன நிற்கிறது என்று சொன்னவர்களைச் சந்தேகித்திருந்தால், தானே போய்ப் பார்த்திருப்பார்.

இந்தச் சண்டையைத்தான் காசிம் பாய் ரூவியில் நாம் எல்லாரும் வெள்ளிக்கிழமை கூடும் ஹோட்டலில் வருஷக்கணக்காகச் சொல்லி வந்தார். அவர் நாகூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர், வாலிபத்தில் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். ஜெர்மன்காரன் பிடித்த கப்பலில் இருந்தவர் என்றும், சண்டை நடந்தபோது அந்தப் பெரிய கப்பலின் அடியில் கைதியாக இருந்தவர் என்றும் எல்லாருக்கும் தெரியும். அதாவது, அவர் சொல்லித் தெரியும். நான் அந்த ஹோட்டலுக்குப் போன முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி நேவியாமே? எந்தக் கப்பலு?"

சொன்னேன்.

"அடப்பாவி! உங்க கப்பலா என்னைச் சுட்டுச்சு?"

மேஜையே சிரித்தது. "சுட்டப்ப நான் நேவியில சேரவே இல்ல பாய்" என்றேன்.

"சேந்திருந்தா குறி தப்பாமச் சுட்டிருப்பீங்களாக்கும்!"

என்னைத் தம்பி என்று கூப்பிட அவருக்கு நான் உரிமை கொடுக்கவில்லை. இருந்தாலும் பொறுத்தேன். நீ அவரோடு கூட்டு என்று சொன்ன பிறகு பொறுக்க முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம், மேஜை நிறைய ஆள் இருந்தபோது, ஸ்டோக்கருக்கு மட்டும் தோன்றக்கூடிய ஒரு கேள்வியைப் போட்டேன். "பாய், அந்தப் பெரிய கப்பல் ஓடறப்ப உள்ளே எப்படி இருக்கும்?"

"நடுங்கும் தம்பி. லாரிக்குள்ள ஒக்காந்த மாதிரி. டம்ளர்ல தண்ணி நிக்காது. பல்லெல்லாம் ஆடிக்கிட்டே இருக்கும்."

சரியான பதில். எங்கள் கப்பல் மாதிரி நீராவிக் கப்பல் அப்படி நடுங்காது. அந்த ஜெர்மன் கப்பல் டீசல் என்ஜின் கப்பல். ஏறாதவருக்கு இது தெரியாது. எனக்கு எரிச்சலாக இருந்தது. சந்தேகப்பட்ட ஆள் சரியான பதில் சொன்னால் கேள்வியை அங்கே நிறுத்தக் கூடாது. "சண்டை முடிஞ்சு தொறமுகத்துல எறக்கிவிட்டப்ப?" என்றேன்.

"அத ஏன் கேக்குறீங்க! கால் வச்ச எடமெல்லாம் பனி. சாக்கக் கிழிச்சு காலச் சுத்திக்கிட்டு நடந்தோம். நடந்தது என் காலுதானான்னு குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்குவேன்."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "டிசம்பர் மாசந்தானே பாய்?"

"டிசம்பர்தான்."

"அந்த ஊர் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கு. அங்கே டிசம்பர்ல கோடை. நம்ம மஸ்கட் ஜூன் மாதிரி வேர்த்துக் கொட்டும். பனி எங்கேருந்து வந்துச்சு?"

அடுத்த மேஜையிலிருந்து ஒருவன், "காசிம் பாய் ஐஸ் பெட்டியோட எறங்கியிருப்பாரு!" என்றான். இன்னொருவன் கல்லாவைப் பார்த்து, "பாயி, மேல ஃபேன நிறுத்துங்க, காசிம் பாய்க்குக் குளிருது!" என்று கத்தினான். ஹோட்டல் முழுக்கச் சிரிப்பு. காசிம் பாய் பாதி குடித்த டீயைச் சாஸரால் மூடிவைத்தார், திரும்பி வந்து குடிக்கப் போகிறவர் மாதிரி. பிறகு எழுந்து போனார். அந்த ஹோட்டலுக்கு அவர் மறுபடி வரவில்லை.

மறுநாள் காலையில் ட்ரங்க் கால் போட்டு உன்னிடம் சொன்னேன். நீ சந்தோஷப்படுவாய், அப்பா காப்பாற்றினார் என்பாய் என்று நினைத்தேன்.

"அவரு சண்டையில இல்லைன்னு எனக்குத் தெரியும்பா" என்றாய். "கூட்டுப் பேச்சு எடுத்த முதல் நாளே சொல்லிட்டாரு."

"அப்ப ஊருக்கெல்லாம் ஏன் பொய் சொல்றாரு?"

"அதை நீங்க தனியாக் கேட்டிருக்கலாம். இத்தனை பேர் முன்னாடி ஒரு பெரிய மனுஷனை..."

"பொய்யை இத்தனை பேர் முன்னாடி சொன்னா, இத்தனை பேர் முன்னாடிதான் கேப்பேன்."

"வச்சிடறேன்பா" என்றாய். வைத்துவிட்டாய், அதோடு நம் பேச்சும் நின்றது. தெரிந்த விஷயத்தை என்னிடமிருந்து நீயும் மறைத்தாய் என்பதை அதற்குள் உனக்குச் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஒரு வாரம் கழித்து, மத்தியான வேளையில் கடைகளெல்லாம் ஷட்டரை இழுத்துவிட்டுத் தூங்கும் நேரத்தில், காசிம் பாய் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். கவிழ்த்துப் போட்ட பம்ப் மூடி மேல், கேட்காமலே உட்கார்ந்தார்.

"மன்னிப்புக் கேக்க வரல தம்பி."

"நானும் எதிர்பாக்கல."

"பனி நெசம். அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

சொன்னார். கல்கத்தாவிலிருந்து தேயிலையும் சணலும் ஏற்றிப் போன கப்பல் அவருடையது. நடுக்கடலில் அதைப் பிடித்த ஜெர்மன்காரர்கள் அவர்களைப் பெரிய கப்பலில் கொஞ்ச நாள்தான் வைத்திருந்தார்கள். பிறகு அதற்கு எண்ணெயும் சாமானும் கொண்டுவரும் துணைக் கப்பலுக்கு மாற்றி, அடித்தளத்தில் இருட்டில் போட்டுவிட்டார்கள். சண்டைக்கு வெகு முன்னாலேயே. பெரிய கப்பல் அவ்வப்போது வந்து எண்ணெய் வாங்கிக்கொண்டு போகும்.

"ஒருநா வர வேண்டியது வரல. மறுநாளும் வரல. எங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல தம்பி. கஞ்சி ஊத்த வர்றவன் மூஞ்சி செத்துப்போயிருந்துச்சு. அத வச்சுத்தான் பெரிய கப்பல் போயிடுச்சுன்னு புரிஞ்சுக்கிட்டோம். உங்க சண்டைல நான் பாத்தது அந்த ஒரு மூஞ்சிதான். அப்புறம் வடக்க வடக்கப் போனான். அங்கே இங்கிலீஷ்காரன் கப்பல் வந்து எங்கள மீட்டு, ஸ்காட்லாந்துல கொண்டுபோய் எறக்குச்சு. அங்கேதான் பனி."

"அப்ப இதையே சொல்லியிருக்கலாமே பாய்."

"சொல்லாமயா? ஊருக்கு வந்து இதத்தான் சொன்னேன். 'சண்டையப் பாத்தியா?'ம்பானுவ. பாக்கல, அடியில கெடந்தேம்பேன். எந்திரிச்சுப் போயிடுவானுவ. ஒருநா பாத்தேன்னு சொன்னேன். டீ வந்துச்சு. எல்லாத்தையும் மாத்திட்டேன், பனிய மட்டும் மாத்த வரல."

"பொய் பொய்தான்" என்றேன்.

"இல்லைங்கல. நீங்க மட்டும் 'நாங்க சுட்டோம், நாங்க தொரத்தினோம்'னு எழுதுறீங்களாமே. அப்ப நீங்க எங்கே இருந்தீங்க?"

"பள்ளிக்கூடத்துல. ஆனா அந்தக் கப்பல்ல வேலை பாத்தவன் 'நாங்க'ன்னு சொல்லலாம். அது வேற."

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கப்பலில் வேலை பார்த்தவனுக்கு அதன் பழைய சண்டையும் சேரும். அவர் சிரித்தார். எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்: "நீங்க தொரத்துற கப்பல்னு நெனச்சுக்கிறீங்க தம்பி. எனக்கென்னமோ தொறமுகத்துக்குள்ள ஒக்காந்துகிட்டு, வெளியில என்னென்னமோ நிக்குதுன்னு எவனோ சொன்னத நம்பி, கப்பல வெடி வச்சாரே, அவரு மாதிரி தெரியுது. வெளியில நிக்கிறது நான் ஒருத்தன்தான். வந்து பாத்துட்டு அப்புறமா வெடி வைங்க."

சேகர், அந்த வார்த்தை என்னைக் குத்தியது. அவர் சொன்னதால் அல்ல. இத்தனை வருஷம் அந்தக் கேப்டனை நானே குறை சொல்லி வந்திருக்கிறேன். அவரிடம் சந்தேகம் போதவில்லை என்று உனக்கே எத்தனை முறை சொல்லியிருப்பேன். நான் போய்ப் பார்த்தது என்ன? ஒரு கேள்வி கேட்டேன், பொய்யைப் பிடித்தேன், அதோடு திரும்பிவிட்டேன். ரயிலில் உன்னோடு ஒரு வாரம் வந்தவன் நான். காசிம் விஷயத்தில் மட்டும் முதல் ஸ்டேஷனிலேயே இறங்கிவிடலாமா?

மறுநாள் அர்பாபிடம் போனேன். பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளி, காசிம் நல்ல ஆளா என்று நமக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டார். "காசிம், அச்சா ஆத்மி?"

"தெரியாது அர்பாப். பொய் சொல்வார். அந்தப் பொய்யில் டீயைத் தவிர வேறு லாபம் எடுத்து நான் பார்க்கவில்லை."

"அப்ப நம்பலை. கலாஸ்?" என்று கையைத் தட்டினார், விஷயம் முடிந்தது என்கிற மாதிரி.

"முடியலை. கடைக்கு நீங்க கஃபீலா நில்லுங்க. காசிமுக்கு நான் பொறுப்பு. தப்பு நடந்தா என்னைக் கேளுங்க. நான் தினம் ஒர்க்‌ஷாப் முடிஞ்சு அங்கே போய் உட்காரப் போறேன்."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "நம்பாத ஆளுக்கு நீ ஏன் பொறுப்பு ஏத்துக்கிறே?"

"நம்பியிருந்தா கூடவே போக வேண்டியதில்லையே அர்பாப்."

அவர் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த ஈயெல்லாம் பறந்தது. "யல்லா, போய் மகனை வரச் சொல்" என்றார்.

ஆகவே வா. லைசென்ஸுக்குத் தடை இல்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதைக் கவனி. பொய்யைப் பொய் என்று சொன்னது சரிதான். ஆனால் அன்று அந்த ஹோட்டலில் நான் கண்டுபிடித்தது பாதி. சிரித்த ஆட்களிடம் மீதியையும் சொல்லாமல் விட்டால் நானும் பொய் சொன்னவன் ஆவேன். அவர்கள் எல்லாரும் இந்த மலரை வாங்குவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன், படித்துக்கொள்ளட்டும்: பனி நிஜம். அந்த மனிதர் மாதக்கணக்கில் இருட்டில் கிடந்து, சாக்கைக் காலில் சுற்றிக்கொண்டு அதில் நடந்தார். சண்டையைப் பார்த்தவன் கதைக்கு உட்கார்ந்தவர்கள் இதைக் கேட்க உட்காராதது அவர் குற்றமல்ல. இதை எழுதலாமா என்று அவரையே கேட்டேன். "எழுதுங்க, நானே சொல்ல வெக்கமா இருக்கு" என்றார்.

கடையில் என் நாற்காலி எங்கே என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், வந்த பிறகு முகத்தைத் தூக்காதே. கல்லாவுக்குப் பின்னால் அல்ல, வாசலிலும் அல்ல. காசிம் பாயையும் உன்னையும் துறைமுகத்துக்குப் போகும் ரோட்டையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிற மூலையில். உங்கள் பேச்சில் தலையிட மாட்டேன். கண்ணை எடுக்கவும் மாட்டேன். இதைக் கேட்டதும் காசிம் பாய், "பரவால்ல தம்பி, அப்பவும் உங்க கப்பல்தானே பின்னாடி வந்துச்சு" என்றார். அந்தக் கப்பல் பின்னால் வந்தது அவரைத் தேடி அல்ல என்று திருத்தினேன்.

அவர் அடுத்த வாரம் கோபார் வருகிறார். உன் அம்மா மறுபடி எள்ளுருண்டை கொடுத்திருக்கிறாள். இந்தத் தடவை கயிற்றை அவர் கையில் கொடுத்து, முடிச்சை அவரையே போடச் சொன்னேன். போட்டு முடிக்கும் வரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் போடும் முடிச்சு இல்லை அது. சரக்குக் கப்பல்காரர்கள் போடுவது, எனக்கு அவிழ்க்கத் தெரியாது. நீ பிரிக்கும்போது அது எப்படி இருந்தது என்று எனக்குக் கட்டாயம் எழுது.

அப்பா